தினமும் இருநூறு தப்படி

பந்தயத்தில் புறப்பட்டவர்கள் நாற்பத்து மூன்று பேர், போய்ச் சேர்ந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர், மீதி ஒருவனைத் தேடிப் போலீசும் வனத்துறையும் தீயணைப்புக்காரர்களும் நான்கு நாள் பாறையில் கயிறு கட்டி இறங்கி ஏறி ஒரே ஒரு கையுறையை எடுத்துக்கொண்டு மலையை விட்டுப் போன பிறகு, ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அந்தப் பையன் தன் கியர் சைக்கிளில் குள்ளநாவல் ஊருக்குள் வந்தான். மார்பில் இருபத்தொன்று என்று எண் இருந்தது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து பள்ளிக்கூடம் வரை இருநூறு தப்படி ஏற்றம், அதில் எல்லாரையும்போல அவனும் மூச்சு வாங்கி மிதித்தான். தொட்டியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த குப்பாயியிடம், "அக்கா, இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டான். "எங்க போறதுக்கு?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தைத் தாண்டி இறக்கத்தில் விழுந்து, முதலைத் தோல்போல் பட்டை வெடித்த கருமருது மரங்களுக்குள் போய்விட்டான். குப்பாயி இரண்டாவது குடத்தையும் நிரப்பி வீட்டில் இறக்கி வைத்துவிட்டுத்தான் சொன்னாள், தேடினார்களே அந்தப் பையன், அவன் இப்போதுதான் போகிறான் என்று.

சேதி அவரைக்கொல்லையில் இருந்த சடையனுக்குப் போனது. அவனுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்று ஊருக்குத் தெரியும். பந்தயம் நடத்திய பெங்களூர்க்காரர்கள், தடம் தெரிந்த ஆள் வேண்டுமென்று கேட்டு, வழி பிரிகிற இடங்களில் எல்லாம் சுண்ணாம்புப் பொடியால் அம்புக்குறி போட அவனைத்தான் வைத்திருந்தார்கள். ஆறாம் நாள் அவன் தொட்டியருகில் போய் நின்றான். பத்து மணிக்குப் பையன் வந்தான்.

சடையன் கூடவே ஓடினான். "இறங்கு தம்பி."

"இறங்க வரலண்ணா. கால் பெடலை விட்டு வரமாட்டேங்குது. பிரேக் புடிக்குது, வண்டிதான் நிக்கல."

ஏழாம் நாள் நான்கு பேர் சைக்கிளைப் பிடித்தார்கள். பிடித்த நால்வரையும் அது பத்துத் தப்படி இழுத்துப்போய்த் தோலுரிந்த கைகளோடு விட்டுவிட்டு, வேகம் கூடாமலும் குறையாமலும் போனது. அதற்குப் பிறகு யாரும் பிடிக்க வேண்டாம் என்று ஊர்த் தலைவரான நாட்டார் வேலப்பன் சொல்லிவிட்டார். பூசாரி வரவழைக்கப்பட்டார். அவர் ஒரு முழு நாள் பார்த்துவிட்டு, இது பேயில்லை, பேய் வழி கேட்காது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்.

பிறகு ஊர் தன் வேலையைப் பார்த்தது. வேலையைப் பார்ப்பதென்றால் அவனையும் சேர்த்துப் பார்ப்பது. பையன் வருகிற வழியில் வேலி போட்டிருந்தவர்கள் ஒரு ஆள் அகலத்துக்கு முள்ளை விலக்கி வைத்தார்கள், உழுதவர்கள் அந்த ஒற்றைக் கோட்டை உழாமல் விட்டார்கள், சாமை முளைத்தபோது பச்சைக்கு நடுவில் நூல் பிடித்த மாதிரி அந்தக் கோடு தெரிந்தது. நாய்கள் ஒரு வாரம் குரைத்துவிட்டு எட்டாம் நாள் தலையைத் தூக்காமல் படுத்துக்கிடந்தன. மாட்டுக்காவலுக்கு வீட்டு முறை இருப்பதுபோல் அவன் சோற்றுக்கும் முறை வைத்தார்கள், அறுபத்திரண்டு வீடு, முறை வந்த வீட்டுக்காரி சாமைச்சோற்றை உருட்டி மந்தாரை இலையில் கட்டிக்கொண்டு ஏற்றத்தில் ஓடிப்போய்க் கையில் திணிப்பாள், அவன் ஒரு கையால் வாங்கி, "உப்பு கொஞ்சம் தூக்கல்க்கா" என்று சொல்வதும் உண்டு, அந்த வீட்டுக்காரி அன்று முழுக்க அதைச் சொல்லிச் சிரிப்பதும் உண்டு. பள்ளிக்கூடத்தில் கடிகாரம் நின்றுபோனபோது புதிது கேட்டு எழுதவில்லை, அவன் தாண்டியதும் மணி அடித்தார்கள்.

வனக்காவலரின் பதிவேட்டில் மூன்று பத்திகள்தான் இருந்தன, விலங்கு, வாகனம், ஆள். அவர் யோசித்து வாகனம் என்ற பத்தியில் "கியர் சைக்கிள் ஒன்று, ஓட்டுபவருடன், அனுமதியில்லை" என்று எழுதினார், மறுநாளும் எழுதினார், ஒரு மாதத்துக்குப் பிறகு "மேற்படி" என்று மட்டும் எழுதினார். வீடு கணக்கெடுக்க வந்த பெண்ணுக்கு அவனை விட்டுவிடவும் மனசில்லை, எந்த வீட்டில் சேர்ப்பதென்றும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவனோடு ஓடினாள்.

"பேரு?"

"ஜோயல்."

"தொழில்?"

"ஷூ கம்பெனி. ஆம்பூர்."

"இங்க நிரந்தரமா, தற்காலிகமா?"

"அதை நீங்களே போட்டுக்கோங்க மேடம்," என்றான் அவன். பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

மூன்றாம் வாரம் அவன் அம்மா வந்தாள். எஸ்தர் என்று பெயர், ஆம்பூரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கணவர் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. ரேஷன் கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த அறையைக் கூட்டிக் கொடுத்தார்கள். முதல் நாள் மகனைப் பார்த்ததும் அவள் அழுவாள் என்று பெண்கள் பக்கத்தில் போய் நின்றார்கள். அவள் அழவில்லை, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அழுதால் அந்த இருநூறு தப்படியும் அதிலேயே போய்விடும் என்று அவளுக்கு அந்த நிமிடமே கணக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாளில் அவளுக்கு மகன் மூன்று நிமிடம்தான், அதை அவள் எதிலும் வீணாக்கவில்லை, பேச வேண்டியதை முந்தின நாளே காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு வருவாள்.

மழைக்காலம் வந்தபோது அவள் வலது முட்டி வீங்கியது. இரண்டு நாள் நொண்டிக்கொண்டு ஓடினாள், மூன்றாம் நாள் பாதி ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். மகன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். மறுநாள் காலை ஒன்பதரைக்குச் சடையன் தன் மொபெட்டைக் கொண்டுவந்து ரேஷன் கடை முன்னால் நிறுத்தினான்.

"உக்காருங்க டீச்சரம்மா."

"உங்களுக்கு வேலை இருக்குமே."

"இருக்கட்டும்."

வீட்டில் அவன் பெண்சாதி பொன்னி சொன்னாள், "ஊர்ல வண்டி வச்சிருக்கறவன் நீ ஒருத்தன்தானா? தெனமும் பின்னால ஒக்காரவச்சுக்கினு போறியே, முதுகு பத்திக்கல?"

"பத்திக்குது."

"அப்பறம் இன்னாத்துக்குப் போற?"

சடையன் மொபெட்டைத் துடைக்கப் போனான். அவனுக்கிருந்தது ஒரே விஷயம், அதை அவன் அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டும், சொல்லாத ஒவ்வொரு நாளும் அவள் பாரத்தை முதுகுக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போக வேண்டும்.

விஷயம் இதுதான். கருமருதுக் காட்டுக்குள் அரைக் கல் தூரம் போனால் வழி இரண்டாகப் பிரியும், பிரிகிற இடத்தின் நடுவில் கன்னிமார் ஏழு பேரும் ஏழு கல்லாக நிற்கிறார்கள். அந்த ஊரில் உயிருள்ள எதையும் கன்னிமாரை வலக்கைப் பக்கம் விட்டுத்தான் நடத்திப்போவார்கள், கலியாணப் பெண்ணையும் அப்படித்தான், விற்கப்போகிற மாட்டையும் அப்படித்தான், இடக்கைப் பக்கம் விட்டுப் போவது பிணம் மட்டும். பந்தயக்காரர்கள் கொடுத்த படத்தில் வழி வலது பக்கமாகப் போயிற்று. வலது பக்கம் போனால் கன்னிமார் இடக்கைக்கு வந்துவிடுவார்கள். நாற்பத்து மூன்று பிள்ளைகளைப் பிணம்போல் அனுப்ப மனம் வராமல், இரண்டு வழியும் கொஞ்ச தூரத்தில் சேர்ந்துதானே ஆக வேண்டும் என்று சடையன் அம்பை இடது பக்கம் போட்டான். சேரத்தான் சேரும், நடக்கிறவனுக்கு. அந்த வழி பாறை விளிம்புக்குப் போய் மூங்கில் புதரைப் பிடித்துச் சட்டென்று ஒடிந்து திரும்பும். முதல் இருபது பேர் கூட்டமாக வந்ததால் ஒருவரையொருவர் பார்த்து இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள், பந்தயத்தில் யாரும் திரும்பிவந்து சொல்ல மாட்டார்கள். டயர் பட்டு அழிந்த அம்பை மறுபடி வெள்ளையாக்கிவிட்டுச் சடையன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது இருபத்தொன்று தனியாக வந்தது, தலை நிமிராமல், நல்ல வேகத்தில்.

ஊரில் யாரும் சடையனைக் குறை சொல்லவில்லை. அவன் இடத்தில் யார் இருந்தாலும் அம்பை அந்தப் பக்கம்தான் போட்டிருப்பார்கள், அதனால் அது தப்பாக இருக்க முடியாது என்று அவர்கள் நினைத்தார்கள். அவன் ஒருவன்தான் அப்படி நினைக்கவில்லை.

இரண்டு வருஷம் அம்மாவும் மகனும் பேசியதைச் சடையன் கேட்டான். மொபெட்டை ஓடுகிற ஆளின் வேகத்துக்கு வைத்து, சைக்கிளுக்கு ஒரு முழம் தள்ளி, பார்வையை ரோட்டில் வைத்துக்கொண்டு ஓட்டினான். காதை எங்கே வைப்பது?

"அக்காவுக்குப் பொண்ணு பொறந்திருக்குடா."

"யாரு மாதிரி?"

"உன் மூக்கு."

"பாவம்."

இன்னொரு நாள், "கேஸ் அடுப்பை மூடிட்டுத்தானே வந்தே?" என்று மகன் கேட்டான். அம்மா கிளம்பி வந்து அப்போது எட்டு மாதமாகியிருந்தது.

பாறையைத் தாண்டி அவன் எங்கே போகிறான் என்று ஊரில் பார்த்தவர்கள் இரண்டு பேர். விளிம்புக்கு வெளியே ரோடு இருப்பதுபோலவே போகிறான், எதிர்மலைப் பக்கம் சின்னதாகி மறைகிறான் என்றார்கள். அதற்குமேல் உள்ளதை அவனே அம்மாவிடம் சொன்னான். "பாறைக்கு அப்பால பெரிய சமவெளிம்மா, கோதுமை மாதிரி ஏதோ காஞ்சு நிக்குது, ஆளே இல்ல. அப்பறம் குன்னு குன்னா வருது, ஒண்ணு ஏறி இறங்கினா அடுத்தது, அலை மாதிரி. அப்பறம் ஒரு காடு. மரத்துக்கெல்லாம் இடுப்புவரைக்கும் பட்டையை உரிச்சு வச்சிருக்காங்க. உரிச்ச இடம் ரத்தச் செவப்பா இருக்கு. ஒவ்வொண்ணுலயும் வெள்ளைப் பெயின்டுல ஒத்தை நம்பர் எழுதிருக்கு."

இந்த மலையில் அப்படி மரமில்லை. பள்ளிக்கூட வாத்தியார் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், அது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தக்கை மரம், பாட்டிலை அடைக்கும் தக்கைக்காக உரிப்பார்கள், உரித்த வருஷத்தின் கடைசி எண்ணை மரத்தில் எழுதி வைப்பார்கள் என்று.

"உரிச்சா மரம் சாகாதா?" என்று எஸ்தர் கேட்டாள்.

"சாகாது டீச்சர். பட்டை மறுபடி வளர ஒன்பது வருஷம் ஆகும், அதுவரைக்கும் யாரும் தொட மாட்டாங்க."

அவள் அதை விரல்விட்டு எண்ணியதைச் சடையன் பார்த்தான்.

ஆனால் பையன் களைத்துப்போயிருந்தான். தாடி வளரவில்லை, நகம் வளரவில்லை, டயர்கூடத் தேயவில்லை, களைப்பு மட்டும் வளர்ந்தது. முதல் வருஷம் கால் வலிக்கிறது என்றான். இரண்டாம் வருஷம் கால் வலியைப் பற்றிப் பேசவில்லை. "தூக்கம் வருதும்மா," என்றான் ஒரு நாள். மறுநாளும் அதையே சொன்னான். சோற்றுப் பொட்டலத்தை வாங்கிப் பிரிக்காமலே பிடித்துக்கொண்டு போனான், பாறையடிக்குத் தேனெடுக்கப் போனவர்கள் கட்டு அவிழாத மந்தாரை இலைகளைப் பார்த்துவிட்டு வந்து முறைக்காரிகளிடம் சொல்லாமல் இருந்தார்கள்.

அந்தப் பங்குனியில் ஏற்றம் முடிந்து மொபெட்டை நிறுத்தியபோது எஸ்தர் இறங்காமல் கேட்டாள், "இவனை இறக்கவே முடியாதா?"

சடையன் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கன்னிமார்கிட்ட வலது பக்கம் திருப்பிவிட்டா நேரா அடிவாரத்துக்குப் போய்டுவான். பந்தயம் முடியற எடத்துக்கு."

"முடிஞ்சா?"

"முடிஞ்சிரும் டீச்சரம்மா."

"மறுநாள் காலைல?"

அவள் இறங்கி அறைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் நாள் தள்ளினாள். ஈஸ்டர் போகட்டும் என்றாள். பேத்தியை ஒரு தடவை கொண்டுவந்து காட்டிவிடலாம் என்றாள், மகள் வந்தாள், குழந்தையை மொபெட்டில் நீட்டிப் பிடித்தார்கள், மாமன் அதன் கன்னத்தைப் புறங்கையால் தொட்டான். அவன் பிறந்த நாள் போகட்டும் என்றாள். பிறந்த நாளன்று கேக் துண்டை நீட்டியபோது அவன் வாங்கவில்லை, "அம்மா, ஒரு தடவை கண்ணை மூட விடும்மா," என்றான், சின்ன வயதில் காய்ச்சலில் கேட்ட அதே குரலில். மாலையில் அவள் நாட்டார் வீட்டுக்குப் போனாள்.

ஊர் கூடியது. சடையன் கடைசி வரிசையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வலது பக்கம் அம்பு போடச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டாள். நாட்டார் துண்டை மடித்தார், பிரித்தார்.

"டீச்சரம்மா, கேக்கறது ஈஸி. அந்தப் பக்கமா நாங்க பொணத்தைத்தான் கொண்டுபோவோம். தெனமும் எங்க வூட்டுச் சோத்தைத் துன்னுட்டு உப்பு கம்மி, காரம் ஜாஸ்தின்னு சொல்ற புள்ளய எப்டி அந்தப் பக்கம் தள்றது? அவன் பொணம்னா சொல்லுங்க, இப்பவே போட்டுடறோம். நீங்கதான் பெத்தவங்க. நீங்கதான் சொல்லணும்."

எஸ்தர் நின்றாள். முப்பது வருஷம் வகுப்பறையில் பேசியவள், வாயைத் திறந்தாள், மூடினாள். ஒரு தடவை திரும்பிச் சடையனைப் பார்த்தாள். உயிருள்ளவர்களை எந்தப் பக்கம் அனுப்புவார்கள் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது, அம்பு போட்டது இந்த ஊர் ஆள் என்று முன்பே தெரியும், இரண்டையும் கூட்ட அவளுக்கு எவ்வளவு நேரமாகும் என்று சடையன் நினைத்தான். அவள் மறுபடி நாட்டாரைப் பார்த்தாள். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு வரவில்லை. கோழிகள் அடைந்தன, பால்காரன் வந்து பார்த்துவிட்டு ஓரமாக நின்றான், வரவில்லை.

குப்பாயிதான் சொன்னாள், "ஏன் நாட்டாரே, பெத்தவ வாயால அதச் சொல்லித்தான் ஆவணுமா? கன்னிமாரு ஏழு பேரும் காலு மொளச்சா நின்னுக்கினு கீறாங்க? தூக்கி அந்த வழிக்கு அந்தாண்ட வச்சா அவங்க வலது கைக்கு வந்துடுவாங்க இல்ல?"

நாட்டார் அவளைப் பார்த்தார். "எங்கப்பன் காலத்துலருந்து அங்கதான் கீது."

"உங்கப்பன் போய்ட்டாரு. அந்தப் புள்ள தெனமும் வருது."

யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். நாட்டார் துண்டை உதறித் தோளில் போட்டார். "செரி. டீச்சரம்மா ஒண்ணும் சொல்ல வேணாம். ஒக்காருங்க."

அடுத்த செவ்வாய் விடியலில் பொங்கல் வைத்து, ஆட்டை வெட்டி, மன்னிப்புக் கேட்டு, ஒரு கல்லுக்கு நான்கு பேராக ஏழு கன்னிமாரையும் பெயர்த்து வலது வழிக்கும் அந்தப் பக்கம் கொண்டுபோய் நட்டார்கள். அவர்கள் இருந்த இடத்தில் ஏழு பள்ளமும் வெளுத்த புல்லும் கிடந்தன. இப்போது எந்த வழியில் போனாலும் கன்னிமார் வலக்கைப் பக்கம்தான். சடையன் சுண்ணாம்பை எடுத்து வலது பக்கம் அம்பு போட்டான், அழியாதபடி மூன்று தடவை போட்டான், இடது வழியை முள்வெட்டி அடைத்தான், பிறகு கையைக் கழுவிக்கொண்டு மொபெட்டை எடுக்கப் போனான்.

எஸ்தர் அன்று காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை. பத்து மணிக்கு அவன் வந்தான். முறை வீட்டுக்காரி பொட்டலத்தை நீட்டவில்லை, மற்ற அறுபத்தொரு வீட்டுக்காரிகளோடு ஓரமாக நின்றாள். முதல் ஐம்பது தப்படி அவள் மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கு நீ அடிவாரத்துக்குப் போயிடலாம்டா. வழி மாத்தியாச்சு," என்றாள் எஸ்தர்.

"தெரியுதும்மா, எல்லாரும் நிக்கிறாங்க."

"போய்ச் சேந்ததும் தூங்கு."

"சரிம்மா."

சடையனுக்கு நூறு தப்படிதான் இருந்தது. இரண்டு வருஷம் ரோட்டைப் பார்த்தவன் அன்று பையன் முகத்தைப் பார்த்தான். "தம்பி, அன்னிக்கு எடது பக்கம் அம்பு போட்டது நான்தான். படத்துல வலது பக்கம் இருந்துச்சு. நான்தான் மாத்திப் போட்டேன்."

முதுகுக்குப் பின்னால் இருந்த பாரம் அசையவில்லை.

"தெரியும்ணா," என்றான் ஜோயல். "மரத்தடில உக்காந்திருந்தீங்க. கையெல்லாம் வெள்ளையா."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வண்டி எடுத்துட்டு வரமாட்டீங்க. அம்மாவால ஓட முடியாதுண்ணா."

பள்ளிக்கூடம் வந்துவிட்டது. அவன் ஹாண்டில்பாரை விடாமலே அம்மா பக்கம் தலையைச் சாய்த்தான், அவள் எட்டித் தலைமுடியில் கை வைத்தாள், கை வைத்த அளவுக்குத்தான் தூரம் இருந்தது. அவன் இறக்கத்தில் விழுந்து கருமருதுக்குள் போனான். கூடியிருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். கன்னிமாரண்டை சக்கரச் சத்தம் கொஞ்சம் தேங்கி, வலது பக்கம் திரும்பி, நீளமாக, ஒரே சீராக மலை இறங்கிப் போயிற்று. மறுநாள் பத்து மணிக்கு யாரும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பதினொன்றுக்கு யாருக்கோ நினைவு வந்து மணி அடித்தார்கள்.

மூன்றாம் நாள், முன்பு எத்தனையோ தடவை தேடிப் பார்த்த பாறையடியில், மூங்கில் வேருக்கும் கல்லுக்கும் நடுவில் சைக்கிளும் எலும்புமாக அவனைக் கண்டார்கள். வந்த இன்ஸ்பெக்டர் பார்த்ததும் சொன்னார், இறந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது, பந்தயத்தன்றே போயிருக்கிறான் என்று. அப்படியே எழுதிக்கொண்டார். ஊரார் ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தார்கள். ஜீப்பில் இடமில்லாததால் அம்மாவைத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு எடுத்துப் போனார்கள்.

பஸ் நிற்கிற இடம் பள்ளிக்கூடத்தைத் தாண்டி இரண்டு கல் தொலைவு. நாட்டார் தன் மருமகனை அனுப்புவதாகச் சொன்னார். எஸ்தர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடை முன்னால் வந்து நின்றாள். சடையன் வண்டியைக் கொண்டுவந்தான். அந்தக் காலை ஏற்றத்தில் சொன்னதைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, இனிமேல் பேசுவாள் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை. அவள் ஏறி உட்கார்ந்து, பையைத் தனக்கும் அவனுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

தொட்டியைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அவன் கை தானாகவே வண்டியை ஓடுகிற ஆளின் வேகத்துக்குக் குறைத்தது.

பத்துத் தப்படி அப்படியே போனார்கள்.

"இனிமே மெதுவாப் போக வேணாம்," என்றாள் எஸ்தர்.